சஞ்சீவி விற்கும் கரை: இராமநாதபுரம் கடலோரப் பயணக் குறிப்புகள்

வெள்ளிக்கிழமை, இராமேஸ்வரம்

இராமநாதசுவாமி கோயிலின் கிழக்கு வாசலிலிருந்து அக்கினி தீர்த்தம் வரை நீளும் தெருவில் சங்கு, சிப்பி மாலை, ஸ்படிகம், உருத்திராட்சம், பனையோலைப் பெட்டி என்று வரிசையாக இருக்கும் கடைகளுக்கு நடுவே, தரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முன்னால் மூங்கில் தட்டு நிறையப் பழுப்பு நிற உருண்டைகள் குவிந்து கிடந்தன. பக்கத்திலேயே ஓர் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரே ஓர் உருண்டையை மட்டும் விரியவிட்டிருந்தார். வடநாட்டு யாத்திரிகர்கள் கடக்கும்போதெல்லாம் "சஞ்சீவனி பூட்டி, சஞ்சீவனி பூட்டி" என்று இந்தியில் கூவினார். எங்களைப் பார்த்ததும் "சஞ்சீவிம்மா, வாசல்ல கட்டுனா கண்ணேறு அண்டாது" என்று தமிழுக்கு மாறினார்.

நான் தேடி வந்ததும் அதைத்தான். பள்ளியில் தாவரவியல் நடத்திய காலம் முழுக்க, டெரிடோபைட்டுகள் என்ற விதையில்லாத் தாவரங்களின் பாடத்தில் செலாஜினெல்லா என்ற பேரினத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். வறண்ட பாறையில் வளரும் அதன் இனங்களில் ஒன்று இந்தக் கடற்கரையில் சஞ்சீவி என்ற பெயரோடு விற்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, இந்தக் கரையைச் சுற்றிவந்து அது உண்மையில் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்று பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. தங்கை மகன் மோட்டார் சைக்கிள் ஓட்டச் சம்மதித்ததால் இப்போது கைகூடியது.

உருண்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிளைகள் எல்லாம் உள்நோக்கிச் சுருண்டு, மூடிய கைவிரல்கள் போல ஒன்றை ஒன்று தழுவிக் கிடந்தன. இலைகளின் வெளிறிய அடிப்பக்கம் வெளியே தெரிந்தது. மேல்பக்கம் உள்ளே ஒளிந்திருந்தது. அடியில் கம்பி கம்பியாகக் கறுத்த வேர்கள், அவற்றில் ஒட்டிக்கொண்டு சில கருங்கல் துகள்கள். கடல் மணலில் வளர்ந்த செடியாக இருந்தால் அந்த வேரில் சிப்பித் தூளும் வெள்ளை மணலும் அல்லவா இருந்திருக்க வேண்டும்? எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு அந்தப் பெண் ஒளிவு மறைவு இல்லாமல் பதில் சொன்னார்: "இங்க ஏதும்மா, எல்லாம் மலைச் சரக்கு. மதுரையில இருந்து யாவாரி கொண்டாந்து போடுவாரு."

செடியின் அறிவியல் பெயர் செலாஜினெல்லா பிரையோப்டெரிஸ். லின்னேயஸ் 1753-இல் இதை லைகோபோடியம் என்ற பேரினத்தில் சேர்த்தார். பின்னர்தான் செலாஜினெல்லாவுக்கு மாற்றப்பட்டது. பார்வைக்குப் பாசி போலவும் சிறு பெரணி போலவும் தோன்றினாலும் இது இரண்டும் அல்ல. பாசிக்கு நீரைக் கடத்தும் உண்மையான குழாய்த் திசு இல்லை, இதற்கு உண்டு. பெரணிகள் வேறொரு கிளைவழியில் வந்தவை. செலாஜினெல்லாவின் முன்னோர் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று நிலக்கரியாகத் தோண்டப்படும் சதுப்புக் காடுகளில் பெருமரங்களாக நின்ற செதில்மரங்களுக்கு உறவுக்காரர்கள். அந்த மரங்கள் அழிந்துவிட்டன. எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்களோடு செலாஜினெல்லாவோ, பெரும்பாலும் ஈரக் காடுகளின் தரையிலும், சில இனங்கள் எரிக்கும் வெயிலில் மொட்டைப் பாறையிலும், தரையோடு தரையாகத் தங்கிவிட்டது. மொட்டைப் பாறையில் தங்கிய கூட்டத்தைச் சேர்ந்ததுதான் தட்டில் குவிந்திருந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. இந்திரசித்தின் பிரம்மாத்திரத்தால் இலக்குவனும் வானரப் படையும் வீழ்ந்து கிடக்கையில், சாம்பவான் வழி சொல்ல, அனுமன் வடக்கே போய் மருத்துமலையையே பெயர்த்து வருவதைக் கம்பர் யுத்த காண்டத்தில் மருத்துமலைப் படலம் என்று தனியாகவே பாடியிருக்கிறார். மலை வந்த வழியில் துண்டுகள் உதிர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு: சிறுமலை, இராஜபாளையத்துச் சஞ்சீவி மலை என்று பட்டியல் நீளும். கடலுக்கு அப்பால் இலங்கையின் காலி நகரத்துக்கு அருகில் உள்ள ருமஸ்ஸல குன்றுக்கும் இதே கதைதான். வான்வழியில் அனுமன் இந்தக் கடலைக் கடந்துதானே போயிருக்க வேண்டும் என்ற நியாயத்தில், இராமேஸ்வரத்தில் சஞ்சீவி விற்பதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

லாட்ஜுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீர் சற்று உப்புக் கரித்ததால், கேன் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி, ஒரு பாத்திரத்தில் உருண்டையை வைத்தேன். முதலில் வெளிச்சுற்றுக் கிளைகள் மெல்லச் சரிந்து இறங்கின. இரவு உணவு முடித்து வந்தபோது முக்கால் பங்கு விரிந்துவிட்டிருந்தது. தங்கை மகன், "பெரியம்மா, உயிர் வந்துருச்சு" என்று போட்டோ எடுத்தான். அவனிடம் சொன்னதை இங்கும் எழுதிவைக்கிறேன்: விரிவது உயிருக்கு அத்தாட்சி அல்ல. தண்டின் இரு பக்கங்களிலும் செல்சுவர்களின் அமைப்பு ஒன்றுபோல் இல்லை. ஒரு பக்கம் மற்றதைவிட அதிகம் சுருங்கும், அதிகம் உப்பும். ஆகையால் காய்ந்தால் வளையும், நனைந்தால் நிமிரும். செத்துப்போன செடியும் இதையே செய்யும். உயிர் இருக்கிறதா என்பதைப் பச்சைதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை, கந்தமாதன பர்வதமும் தனுஷ்கோடியும்

காலையில் பார்த்தபோது வெளிச்சுற்றில் இருந்த கிளைகள் பழுப்பாகவே கிடந்தன. ஆனால் நடுவில் இருந்த இளங்கிளைகளின் நுனி தெளிவான பச்சைக்குத் திரும்பியிருந்தது. ஆக, இந்த உருண்டையில் பாதி செத்தது, பாதி உறங்கியது. கடைக்கு வரும் முன்பு எத்தனை நாள் மூட்டையில் கிடந்ததோ, அதற்கு ஏற்ற விளைவு.

நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தின் மையமே இதுதான். சாதாரணச் செடி ஒன்று தன் நீரில் பெரும்பகுதியை இழந்தால், செல்சவ்வுகள் கிழிந்து, புரதங்கள் உருக்குலைந்து, பிறகு எவ்வளவு ஊற்றினாலும் மீளாது. இதுபோன்ற செலாஜினெல்லா இனங்களோ காற்றோடு காற்றாகக் காய்ந்தபின்னும் மீள்கின்றன. மெக்ஸிகோவின் சிவாவா பாலைவனத்தில் வளரும் செலாஜினெல்லா லெப்பிடோபில்லாவில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் செல்களில் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை ஏராளமாக இருக்கிறது. நீர் வெளியேறும்போது சர்க்கரைகள் சவ்வுகளையும் புரதங்களையும் தாங்கிப் பிடித்து, செல்லின் உள்ளடக்கம் கண்ணாடிப் பதத்தில் உறைந்து நிற்க உதவுகின்றன. பச்சையத்தை முழுதாகக் கலைத்துவிட்டுப் பிறகு புதிதாகச் செய்துகொள்ளும் மீள்செடிகளும் உலகில் உண்டு. செலாஜினெல்லா அப்படி அல்ல, இருக்கும் பச்சையத்தைக் காப்பாற்றியே வைத்துக்கொள்கிறது. ஆனால் பச்சையம் இருந்து நீர் இல்லாவிட்டால் வெயிலே பகை: உள்வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழி இல்லாமல் அது செல்லைக் கருக்கிவிடும். சுருளுதலின் பயன் இங்கேதான். இளங்கிளைகள் உள்ளே, முதிர்ந்த கிளைகள் வெளியே, இலையின் மேல்பக்கம் இருட்டில் என்று செடி தனக்குத்தானே நிழல் செய்துகொள்கிறது. என் பாத்திரத்தில் நடுக்கிளைகள் மட்டும் பச்சையானதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

கந்தமாதன பர்வதத்துக்குக் கோயிலிலிருந்து வடக்கே போக வேண்டும். தீவின் உயரமான இடம் இதுதான். மேலே இரண்டு அடுக்கு மண்டபத்தில் இராமர் பாதம். பர்வதம் என்ற பெயரை நம்பி வருபவர்கள் பாறையைத் தேடினால் கிடைக்காது, ஏறியது முழுக்க மணல்மேடு. படிக்கட்டின் இருபுறமும் நான் குனிந்து பார்த்ததெல்லாம் மணலும், மணலைப் பிடித்திருக்கும் முட்செடிகளும் மட்டுமே. மேல்தளத்தில் நின்றால் சுற்றிலும் உடைமரங்களின் குடை விரித்த தலைகளும் பனைகளும், அவற்றுக்கு அப்பால் கடலும் தெரிகின்றன. குரங்குகளுக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துப் பெரியவர், "மலையைக் கொண்டுவந்து வெச்ச எடம் இதானே?" என்று என்னிடம் கேட்டார். இது கடலைத் தாண்ட இடம் பார்த்த மேடு என்றுதான் சொல்வார்கள், மருந்து மலை வேறு என்றேன். அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது போலும், பேச்சைத் தொடரவில்லை.

அங்கிருந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் எச்சங்களில் தேவாலயச் சுவர்தான் எனக்கு வேண்டியிருந்தது, ஏனென்றால் அது பவளக்கல்லால் கட்டிய சுவர். இந்தக் கரையில் பாறை என்று சொல்லத் தக்கது பவளக்கல்லும் சுண்ணாம்பு கலந்த மணற்கல்லுமே. சுவரே ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, ஏதேனும் குடியேறியிருக்கிறதா என்று பார்க்கலாம் அல்லவா? கல்லின் முகத்தில் பவளத்தின் நட்சத்திரத் துளைகள் இன்னும் எண்ணிப் பார்க்கும்படி இருந்தன. நிழல் பக்கத்தில் கறுப்பாக ஒரு படலம் படர்ந்திருந்தது. விரலை வைத்தால் வறண்ட மாவாக உதிர்ந்தது. பாசி இல்லை, செலாஜினெல்லாவுக்கு வாய்ப்பே இல்லை. பவளக்கல் மழைநீரை நிறுத்திவைக்காது, உள்ளே உறிஞ்சிக் கீழே விட்டுவிடும்; அதன்மீது கடற்காற்று இரவும் பகலும் உப்பைப் பூசிக்கொண்டே இருக்கிறது.

அரிச்சல்முனைக்குப் போகும் சாலையின் ஓரம் முழுவதும் அடம்பங்கொடியும் இராவணன் மீசை என்ற புல்லும். இராவணன் மீசையின் பெண்கதிர் முள்முள்ளான ஓர் உருண்டை. முற்றியதும் ஒடிந்து, காற்றடித்த திக்கில் மணல்மீது உருண்டு ஓடி, போகும் வழியில் விதைகளை விடும். சாலையிலேயே ஒன்று எங்கள் வண்டிக்கு முன்னால் ஓடியது. காய்ந்த உருண்டை என்பதில் அதற்கும் சஞ்சீவிக்கும் தோற்ற ஒற்றுமை இருந்தாலும், இராவணன் மீசையின் உருண்டை திரும்பிப் பச்சையாகப் போவதில்லை. அதற்கு அந்தத் தேவையும் இல்லை, அது தன் பிழைப்பை விதையிடம் ஒப்படைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, பாம்பன், மண்டபம்

விடுமுறை நாள் ஆகையால் சாலைப் பாலத்தில் வண்டி நிறுத்தி வேடிக்கை பார்ப்போர் கூட்டம் தாங்கவில்லை. கீழே 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் பார்க்க வந்தது பாலங்களை அல்ல, அவற்றுக்குக் கீழே நீரில் கிடக்கும் மணற்கல் பலகைகளை. தட்டையாக, விளிம்பு உடைந்து, அலை ஏறி இறங்கும் உயரத்தில் கிடக்கின்றன. சிப்பிகள் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஈரம். நிலத்துச் செடி எதற்கும் அங்கே வேலை இல்லை. மண்டபத்துப் பக்கம், கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்த பழைய பவளத்திட்டு கரையிலேயே வெளித்தெரிகிறது. அதன் வெடிப்புகளில் உமரியும் சில புற்களும் இருந்தன.

மதியம் லாட்ஜில் கைலென்ஸை வைத்துக்கொண்டு பாத்திரத்துச் செடியைப் பார்த்ததுதான் இன்றைய உருப்படியான வேலை. கிளையில் இலைகள் நான்கு வரிசை: பக்கவாட்டில் இரண்டு வரிசை சற்றுப் பெரியவை, மேலே இரண்டு வரிசை சிறியவை, எல்லாமே அரிசியைவிடச் சிறியவை. ஒரு கிளை நுனியில் மட்டும் இலைகள் ஒரே அளவாகி, நாற்பட்டையான ஒரு கதிராக நீண்டிருந்தது. ஊசியால் கிளறியபோது ஒரு செதிலின் கக்கத்திலிருந்து வெளிறிய, கண்ணுக்கே தெரியும் மணிகள் வெளிவந்தன. அவை பெரிய ஸ்போர்கள், அதாவது விதையில்லாச் செடியின் இனப்பெருக்க மணிகள்; ஒரு பையில் பெரும்பாலும் நான்கு. மேலே இருந்த பைகளில் மஞ்சள் கலந்த தூள். அது சிறிய ஸ்போர். பாடப்புத்தகப் படத்தில் காட்டியதை இவ்வளவு தெளிவாக நேரில் காட்டியிருந்தால் என் மாணவர்கள் அந்தப் பாடத்தை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு வகை ஸ்போர்களில்தான் கடற்கரைக்கும் இச்செடிக்கும் ஒத்துவராத காரணங்களில் ஒன்று இருக்கிறது. சிறிய ஸ்போரிலிருந்து வரும் ஆண் செல்கள் நீந்தித்தான் பெரிய ஸ்போரில் உருவான முட்டையை அடைய வேண்டும். பூவும் மகரந்தமும் விதையும் உள்ள செடிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உள்நாட்டுக் கருங்கல் குன்றில் மழை பெய்ததும், பாறைச் சரிவில் பாசியும் லைக்கனும் சேர்த்துவைத்த விரல் கனத்து மண்ணில் நல்ல நீர் சில நாட்கள் தங்கும். அந்த அவகாசத்தில் செடி விரிந்து, உணவு செய்து, இனம் பெருக்கி, மறுபடி சுருண்டுகொள்ளும். எத்தனை மாதம் காய்ந்து கிடந்தாலும் பரவாயில்லை, வந்த நீர் நல்ல நீராக இருந்தால் போதும். இங்கேயோ வடகிழக்குப் பருவமழை பெய்யும் வாரங்களில்கூட, மணல் அதை வடித்துவிடுகிறது, மிஞ்சியதில் உப்பு கலந்துவிடுகிறது. வறட்சி இரண்டு இடத்திலும் உண்டு. இந்தக் கரையில் இல்லாதது மழைக்குப்பின் சில நாள் நிற்கும் அந்த நல்ல நீர்ப்படலமே.

நம் பக்கத்துக் குன்றுகளுக்கே உரிய இன்னோர் இனத்தையும் சொல்லிவிடுகிறேன். செலாஜினெல்லா வைட்டியை என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வெயில் படும் பாறைகள்மீது பாய் விரித்தாற்போல் படரும் சிறு செடி. சஞ்சீவிக்கு உள்ளதுபோல் இதற்குப் பெரிதும் சிறிதுமான இலைகள் கிடையாது; எல்லா இலையும் ஒரே மாதிரி ஊசியாக, தண்டைச் சுற்றிச் சுழன்று ஒட்டியிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819-இல் வந்து, 1853 வரை சென்னை மாகாணத்துத் தாவரங்களைத் திரட்டிய இராபர்ட் வைட் பெயரால் வழங்குவது. உருண்டையாகத் திரண்டு வராததால் இதைக் கடையில் யாரும் விற்பதில்லை. அந்த வகையில் அதிர்ஷ்டம் செய்தது.

திங்கட்கிழமை, திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை

திருப்புல்லாணி ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் இராமர் தர்ப்பைப் புல்லின்மீது சயனித்திருக்கிறார். கடலரசன் வழிவிட வேண்டி இங்கே கிடந்தார் என்பது தலவரலாறு. சேதுக்கரையில் ஆஞ்சநேயர் தென்கடலைப் பார்த்து நிற்கிறார். திதி கொடுக்க வந்தவர்கள் கடலில் மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்கள். இங்கே சஞ்சீவி விற்பார் யாரும் இல்லை. துளசியும் வெண்ணெயும் வடைமாலையும்தான். இரண்டு ஊரையும் முற்பகலிலேயே முடித்துக்கொண்டு கீழக்கரைக்கு வந்தோம்.

கீழக்கரைக் கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பேசியது பயனுள்ளதாக இருந்தது. இழுப்பறைகளில் பெயர் எழுதி ஒட்டிய பழைய காலத்துக் கடை. சஞ்சீவி இருக்கிறதா என்று கேட்டதும் கடைக்காரர், "இருக்கு லாத்தா, ஆனா மருந்துக்குன்னு கேட்டு வர்றவங்க கொறைவு. வீட்டு வாசல்ல கட்டத்தான் வாங்குவாங்க" என்று சொல்லி, வாசலில் கட்டுவதற்கென்றே வைத்திருந்த ஆகாசகருடன் கிழங்குகளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பையை எடுத்துப் பிரித்தார். இராமேஸ்வரத்தில் பார்த்த அதே செடி, அதைவிடச் சிறிய உருண்டைகள். சூடு தணியும், அசதி தீரும் என்று சிலர் ஊறவைத்த நீரைக் குடிப்பதாகவும், தான் யாரையும் குடிக்கச் சொல்வதில்லை என்றும் சொன்னார். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

உயிர் தரும் மூலிகை என்ற பெயருக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்த்தால், 2005-இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை குறிப்பிடத் தக்கது. இச்செடியை நீரில் வடித்த சாறு, வளர்ப்புத் தட்டில் இருந்த பூச்சி செல்களையும் பாலூட்டி செல்களையும் வெப்ப அதிர்ச்சி, புற ஊதாக் கதிர் போன்றவற்றின் பாதிப்பிலிருந்து ஓரளவு காப்பாற்றியது என்பது அதன் சாரம். தட்டில் உள்ள செல்லுக்கும் கட்டிலில் உள்ள நோயாளிக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் கடைத்தெருவில் அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்கள். 2016-இல் உத்தரகாண்ட் அரசு இமயத்தில் சஞ்சீவியைத் தேட 25 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்ததும் நினைவுக்கு வருகிறது. அதில் ஒரு சிறு பங்கைப் பாறைக் குன்றுகளைக் கல்குவாரிகளிடமிருந்து காப்பாற்றச் செலவிட்டிருந்தாலும் ஏற்கெனவே கண்டுபிடித்த செடிகளுக்கு நன்மையாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எனக்கு உண்மையான கவலை பறிக்கும் முறையில்தான். கிளையைக் கிள்ளினால் உருண்டை வராது. ஆகவே வேரோடு, அது பிடித்திருந்த மண்ணோடு சேர்த்து முழுச் செடியையும் பாறையிலிருந்து உரித்தெடுக்கிறார்கள். அந்த விரல் கனத்து மண் சேர எத்தனை தலைமுறைப் பாசி மக்கியிருக்கும்? உரித்த இடத்தில் அடுத்த மழை மிச்ச மண்ணையும் கழுவிவிட்டால், வெறும் பாறைதான். இராமேஸ்வரத்துத் தார்ப்பாயில் நான் பார்த்த ஒரு தட்டே ஒரு பாறைச் சரிவின் மொத்தக் குடிகளாக இருக்கக்கூடும். விற்ற பெண்ணைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த வேர்களை அவர் மலையில் பார்த்ததே இல்லை. வாங்கியவர்களில் நானும் ஒருத்தி, ஆய்வுக்கு என்று சொல்லிக்கொண்டாலும்.

செவ்வாய்க்கிழமை, வாலிநோக்கம்

ஏர்வாடியைக் கடந்து வாலிநோக்கத்துக்கு வந்தது ஒரு பட்டியலில் இருந்த மூன்றாவது பெயருக்காக. கணேஷையா, வாசுதேவா, உமா சங்கர் என்ற மூன்று கர்நாடக அறிவியலாளர்கள் 2009-இல், இந்திய மொழிகளில் சஞ்சீவி என்ற பெயரும் அதற்கு நெருங்கிய பெயர்களும் எந்தெந்தச் செடிகளுக்கு வழங்குகின்றன என்று தேடிப் பார்த்தார்கள். அதிகம் வழங்கிய மூன்றில் ஒன்று நம் செலாஜினெல்லா பிரையோப்டெரிஸ். ஒன்று மரங்களில் தொற்றி வளரும் ஓர் ஆர்க்கிட். இன்னொன்று கிரெஸ்ஸா கிரெட்டிகா, வடமொழி மருத்துவ மரபில் ருதந்தி. இந்த மூன்றாவது செடி உவர் நிலத்துக்குரியது. கதையில் வருவது மலை மருந்து என்பதால் கிரெஸ்ஸா போட்டியில் பின்தங்கியது. ஆனால் மூன்றில் இந்தக் கரைக்குச் சொந்தமானது அது ஒன்றே.

பங்குனி வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும் என்று விடியற்காலையிலேயே உப்பளத்தை அடைந்தோம். பாத்திகளில் உப்பு வாரும் வேலை தொடங்கியிருந்தது; வரப்போரங்களில் வெள்ளைக் குவியல்கள். இந்தப் பருவத்தில் நீர் பாய்ச்சாமல் விட்ட ஒரு பக்கத்தில், வெடித்துப் பொரிந்த சேற்றின்மீது சாம்பல் பூத்த பச்சையில் சாண் உயரச் செடிகள் தரையை மூடியிருந்தன. குனிந்தேன், கிரெஸ்ஸாதான். நுண்ணிய மயிரடர்ந்த குட்டி இலைகள், கிளை நுனியில் வெள்ளைச் சிறு பூக்கள், இலைகளில் விடியல் ஈரம் துளித்துளியாக. ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. வேர் உறிஞ்சிய உப்பில் தேவைக்கு மிஞ்சியதை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன.

வரப்பில் நின்ற ஒரு அக்காவிடம் இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். "பேரெல்லாம் என்னத்தம்மா, சும்மா பூண்டுதான். தண்ணி வத்துனா வந்துரும், வெட்டுனாலும் வந்துரும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். சஞ்சீவி என்று யாராவது சொல்வார்களா என்றதற்குச் சிரித்தார். மற்றச் செடிகள் பச்சையாக இருக்கும் மழைக்காலத்தில் இது நீரில் மூழ்கிக் காணாமல் போய், எல்லாம் கருகும் கோடையில் வெளியே வருகிறது. பெயர் சூட்டியவர்கள் எதைக் கண்டு சூட்டினார்களோ, இந்த வழக்கத்தைக் கண்டிருந்தால் அதுவும் பொருத்தமே.

தங்கை மகனுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது: இதையும் காயவைத்துத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? கேள்வி நல்ல கேள்வி என்பதால் ஒரே ஒரு செடியைப் பிடுங்கி வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டோம். வெயிலில் நின்ற வண்டிக்குள் சில மணி நேரத்தில் இலைகள் தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டன. சாயல்குடியில் சாப்பிட்ட கடையில் ஒரு டம்ளர் வாங்கி அதில் நிறுத்தினோம். சாப்பிட்டு முடித்து, வெயில் தாழக் காத்திருந்து, சாயங்காலம் கிளம்பும்வரை அது நிமிரவும் இல்லை, இலை விரியவும் இல்லை; தண்ணீர் மட்டும் இலேசாகப் பழுப்பேறியது. கிரெஸ்ஸா உப்பைச் சமாளித்து, எரிக்கும் வெயிலிலும் தன் செல்லுக்குள் நீரைக் குறையாமல் பிடித்துவைக்கும் செடி. அந்த நீர் போய்விட்டால் அதைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் அதனிடம் இல்லை.